தொட்டால் சரியாகிவிடும் கோளாறு

“பேருதான் பிக்கப் வண்டி. வண்டில பிக்கப்பே இல்லையே தம்பி!” என்று மெக்கானிக் அண்ணன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்தில் நான்காவது முறையாக அதே வண்டியை, அதே கோளாறோடு அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மூன்று மூன்றாக வி வடிவத்தில் இரண்டு வரிசை. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும், பொறிக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுக்கும் தனித்தனிக் காயில். ஆட்டோமேட்டிக் கியர். காலியாக ஓட்டினால் ஒரு குறை சொல்ல முடியாது. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதுதான் வரும். முதலில் யாரோ பின்னாலிருந்து லேசாகப் பிடித்து இழுப்பதுபோல ஒரு தயக்கம். அடுத்து உதறல். ஸ்டீயரிங் நடுங்கும், சீட் நடுங்கும், டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எதுவுமே நடக்காததுபோல ஓடும்.

பட்டறையில் இதற்குப் பெயர் மிஸ்ஸிங். “ஒரு சிலிண்டர் அடிக்கல” என்பார்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் தள்ளிச் சுழற்றும் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை எரியும். 2000 ஆர்.பி.எம்.மில் ஆறும் சேர்ந்து நிமிடத்துக்கு 6000 அடி, வினாடிக்கு 100. ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் அந்த நூறில் பதினாறு பதினேழு அடி விழாது. காதுக்குப் பிடிபடுவதற்கு முன்பே முதுகுக்குத் தெரிந்துவிடும்.

வண்டியின் கம்ப்யூட்டரும் ஏறக்குறைய இதே வழியில்தான் கண்டுபிடிக்கிறது. அது பிளக்கில் பொறி விழுவதைப் பார்ப்பதில்லை. கிராங்கோடு சுற்றும் ஒரு பல்சக்கரமும், அதன் பற்களை எண்ணும் ஒரு சென்சாரும் இருக்கின்றன. ஒவ்வொரு எரிப்பும் கிராங்கை ஒரு தள்ளு தள்ளும். தள்ளு வராத இடத்தில் அடுத்த பல் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதம் எந்த சிலிண்டரின் முறையில் வந்தது என்று கணக்குப் போட்டு, ஒரு கோளாறு எண்ணை எழுதிவைத்துவிடும். பட்டறையில் அதற்குப் பெயர் ‘கோடு’ (code). பி0300 என்றால் இன்னதென்று சொல்லமுடியாமல் அங்கங்கே மிஸ் ஆகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். எனக்கு வந்தது பி0304. நாலாவது.

கோடு வீட்டு எண்ணை மட்டும் சொல்கிறது. உள்ளே பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா, காற்று அதிகமா, வால்வு ஓட்டையா என்பது அதற்குத் தெரியாது. கிராங்க் தாமதித்தது, அவ்வளவுதான். இது எனக்கு அன்றே தெரியும். ஆனாலும் கோடு படிக்கும் ஸ்கேனரில் ‘4’ என்ற எண்ணைப் பார்த்ததும் விடையே கிடைத்துவிட்டதுபோல ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அங்கேதான் ஐந்து மாதம் போனது.

நடுவில் ஒரு விஷயம். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் கவனி என்று அர்த்தம். விட்டுவிட்டு எரிந்தால் இப்போதே காலை எடு என்று அர்த்தம். எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்து புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளேயிருக்கும் செராமிக் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகிப்போகலாம். உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல், எல்லா சிலிண்டரும் சேர்ந்து திணற ஆரம்பிக்கும். ஒரு பிளக் விஷயம் அங்கேபோய் முடிந்த வண்டிகள் ஏராளம்.

முதல் முறை எல்லோரும் செய்வதையே செய்தோம். அண்ணன் நாலாவது காயிலைக் கழற்றி, பிளக்கை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். பழகிய கண்ணுக்கு பிளக் என்பது ஒரு அறிக்கை. பீங்கான் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சிலிண்டர் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். எண்ணெய் பிசுபிசுத்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ கசிகிறது. கழுவி எடுத்ததுபோலப் பளிச்சென்று இருந்தால் வயிற்றில் புளி கரைய வேண்டியதுதான். இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து ஆவியாகி, முனையைக் கழுவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் லேசான கரி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. இடைவெளி கொஞ்சம் தேய்ந்து அகன்றிருந்தது.

“பாரம் ஏத்தினா மட்டும் வருதுன்னா இக்னிஷன்தான் தம்பி” என்றார். அதற்குக் காரணம் உண்டு. பாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் போகும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பல ஆயிரம் வோல்ட் சங்கதி இது. காயில் கிழடாகியிருந்தால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் மெல்ல ஓடும்போது, சமாளித்துவிட்டு, மேட்டில் கையை விரித்துவிடும். ஐடிலிங்கில் மட்டும் உதறி, வேகம் எடுத்தால் சரியாகிறது என்றால் தேடல் வேறு பக்கம் போகும்: எங்கேயாவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறதா, புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டதா, வால்வு சரியாக உட்காரவில்லையா என்று.

ஆறு பிளக்கும் மாற்றினோம். நாலாவதற்குப் புதுக் காயில் போட்டோம். அதே பாரத்தோடு அதே மேட்டில் ஏறிப் பார்த்தேன். வெண்ணெயாக ஏறியது. கழற்றிய காயிலை என்ன காரணத்தாலோ தூக்கிப்போட மனம் வராமல் கருவிப்பெட்டிக்குள் போட்டுவைத்தேன்.

மூன்று வாரம் ஓடியது.

நாலாவது வாரம் அதே உதறல், அதே பி0304. புதுக் காயிலே சொத்தையாக இருக்கலாம் என்று சந்தேகம். இதற்கென்றே காசில்லாத சோதனை ஒன்று உண்டு, இடம் மாற்றிப் பார்ப்பது. நாலாவது காயிலை இரண்டாவதில் மாட்டு, இரண்டாவதை நாலாவதில் மாட்டு. கோடு பி0302 ஆக மாறினால் காயில் குற்றவாளி. பி0304 என்றே நின்றால் காயில் நிரபராதி. ரசாயனப் பரிசோதனைபோல சுத்தமான முறை. என் வண்டி என்ன செய்தது தெரியுமா? இரண்டிலும் வரவில்லை, நாலிலும் வரவில்லை. ஒன்பது நாள் ஒரு தும்மல்கூட இல்லை. பத்தாம் நாள் மறுபடியும் நாலாவது.

சரி, காயில் இல்லை. பிளக்கும் புதுசு. அடுத்து வயர். சாவியை ஆன் செய்து, நாலாவது காயிலின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டர் முனையை வைத்தேன். 12.4 வோல்ட். பேட்டரியில் என்ன இருந்ததோ அதே. “வயர் ஓகே” என்று மனதுக்குள் ஒரு கோடு கிழித்துவிட்டேன். அந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர். ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் பார்த்தால் நாலாவது சிலிண்டர் இருக்கும் வரிசையில் மட்டும் எண் ஏறியிருந்தது. இந்த இன்ஜினுக்கு பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றுகிறது என்று அர்த்தம். உடனே எனக்கு ஞானம் பிறந்தது: இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது! உண்மையில் அந்த எண் ஒரு கண்ணி. சிலிண்டர் எரியாவிட்டால் அதிலுள்ள ஆக்சிஜன் செலவாகாமல் அப்படியே வெளியே வரும். புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு, கூடவே வரும் பச்சைப் பெட்ரோல் தெரியாது. ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். “காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை” என்று சொல்லிவிடும். அதாவது மிஸ்ஸிங்கின் விளைவைப் பார்த்துவிட்டு, அதையே காரணம் என்று நான் நம்பினேன். நிஜமாகவே பெட்ரோல் போதாமல் மிஸ் ஆகும் வண்டிகளும் உண்டு. அதனால்தான் இந்த இடத்தில் கால் வழுக்குவது சுலபம்.

இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். நாலாவதையும் ஆறாவதையும் இடம் மாற்றினோம். அதற்கு மேலே இருக்கும் வயர்க்கட்டு முழுவதையும் நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. மாட்டி முடித்து ஓட்டினால் பட்டுப்போல் ஓடியது. ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. அண்ணனிடம் ஃபோனில் சொன்னேன், “அண்ணே, அடைப்புதான்ணே, நீங்க சொன்ன மாதிரியே.” அவர் அப்படிச் சொல்லவேயில்லை. சந்தோஷத்தில் அவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் மறுபடியும் வந்தது. முதல் பத்தியில் நிறுத்திய இடம் இதுதான்.

இனி இன்ஜினுக்குள்தான் பார்க்க வேண்டும் என்று முடிவானது. எனக்கு உள்ளூரப் பயம். வால்வு கருகியிருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும், கேம் தேய்ந்திருந்தாலும் இந்த வயதில் வண்டியை வைத்திருப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்துவிடும். சிலிண்டர் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எளிய வேலைதான், ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும். ஆறு பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். காற்று நுழையும் வழியான த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அமுக்கு. அண்ணன் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 165, 160, 160, 158, 162, 165. நாலாவது 158 பி.எஸ்.ஐ. கடைசி மார்க் வாங்கியிருக்கிறதே என்று எனக்குத் திக்கென்றது. அவர் கண்டுகொள்ளவில்லை. மிகக் குறைந்தது, மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போனால்தான் கவலை என்பது பொதுவான கணக்கு. 158 என்பது 165-க்குப் பக்கத்து வீடு.

“இருந்தாலும் பாத்துருவோம்” என்று லீக்டவுன் டெஸ்டும் செய்தார். சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் கிராங்கை நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாக 100 பி.எஸ்.ஐ. காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு கசிகிறது என்று மீட்டரில் பார்ப்பது. எண்ணைவிட எனக்குப் பிடித்தது கேட்கும் முறை. ஏர் ஃபில்டர் பக்கம் உஸ் என்றால் இன்டேக் வால்வு. சைலன்சர் வாயில் உஸ் என்றால் எக்சாஸ்ட் வால்வு. ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தால் கேட்கிறது என்றால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோல அண்ணன் ஒவ்வொரு இடமாகக் காதை வைத்துக்கொண்டு போனார். ஆயில் மூடியில் மட்டும் மெல்லிய மூச்சு. அது எந்த இன்ஜினிலும் இருக்கும். கசிவு பத்து சதவீதத்தைச் சுற்றி நின்றது. ஆரோக்கியம்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். நீங்கள் எதிர்பார்ப்பதுதான் நடந்தது. வண்டி சரியாகிவிட்டது.

அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. கம்ப்ரஷன் டெஸ்ட் என்பது பரிசோதனை, வைத்தியம் கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தியதும் காய்ச்சல் இறங்கினால் அது என்ன காய்ச்சல்? நோட்டை எடுத்து நினைவிலிருந்து எழுதினேன். எப்போது வந்தது, இன்ஜின் சூடு என்ன, பாரம் உண்டா, மேடா சமதளமா என்று முதல் நான்கு கட்டம். ஸ்கேனர் சேமித்துவைத்திருந்த ஃப்ரீஸ் ஃபிரேமில் கோடு விழுந்த நொடியின் ஆர்.பி.எம்., லோடு, சூடு எல்லாம் இருந்தது, அதையும் சேர்த்தேன். கடைசியாக, அதுவரை நான் யோசித்தே பார்க்காத ஒரு கட்டம்: சரியானதற்கு முன்னால் எங்கே கை வைத்தோம்?

காயில் மாற்றியபோது நாலாவது கனெக்டர். இடம் மாற்றிப் பார்த்தபோது நாலாவது கனெக்டர். இன்ஜெக்டர் வேலையில் நாலாவதன் மேல் போகும் வயர்க்கட்டு. கம்ப்ரஷன் டெஸ்டில் நாலாவது கனெக்டர். நான்கு தடவையும் நாங்கள் எதையும் சரிசெய்யவில்லை. எதையோ அசைத்திருக்கிறோம். அந்த அசைவுதான் மருந்து. அதன் வீரியம் ஒரு தடவை ஒன்பது நாள், ஒரு தடவை ஒரு மாதம்.

மறுநாள் அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். ஒரே பார்வையில் சொன்னார்: “லூஸ் கான்டாக்ட்.”

டார்ச் லைட்டிலிருந்து ரேடியோவரை எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் வார்த்தை. ஐந்து மாதமாக எங்கள் இருவர் வாயிலும் வராத வார்த்தை. காரணம், நான் மனதுக்குள் கிழித்துவைத்த அந்தக் கோடு. “வயர் பாத்துட்டேன்ணே, 12.4 இருக்கு” என்று நான் சொன்னதை அவரும் நம்பிவிட்டார்.

வயரை ஆட்டிப் பார்த்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஃபேன் பக்கம் போகாமல், கனெக்டர் கனெக்டராக அசைத்துப் பார்ப்பது. ஒன்றுமில்லை. நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. இது எனக்குப் புதிராக இருந்தது. 4000 ஆர்.பி.எம்.மில் வராதது, மேட்டில் 2200-இல் எப்படி வருகிறது? அண்ணன் கொஞ்ச நேரம் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “நின்னுட்டு ரேஸ் பண்ணா இன்ஜின் சத்தம்தான் போடுது, இழுக்கல” என்றார். “இழுக்க வச்சுப் பாப்போம்.”

நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தோம். ஹேண்ட் பிரேக் போட்டு, அவர் உட்கார்ந்து ஃபுட் பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் இடது பக்கவாட்டில் நின்றேன். இதைச் செய்பவர்கள் இந்த இரண்டையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஐந்து நொடிக்கு மேல் நீடிக்கவும் கூடாது, கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்துவிடும். முன்னே போகும் கியரான டி-யில் போட்டு ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தார். வண்டி நகரவில்லை. இன்ஜின் நகர்ந்தது. இடது பக்கம் அப்படியே இரண்டு விரல் அகலத்துக்கு எழும்பியது, தூங்குகிறவன் ஒருக்களித்துப் படுப்பதுபோல. எழும்பிய கணத்தில் உதறல். டாஷ்போர்டைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

“ரிவர்ஸ்ல போடுறேன், பாருங்க.”

ரிவர்ஸில் அதே மிதி. இன்ஜின் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இடது பக்கம் அடங்கி உட்கார்ந்தது. உதறல் இல்லை. டி: உதறல். ரிவர்ஸ்: அமைதி. மூன்று முறை மாற்றி மாற்றி, இடையில் ஆறவிட்டுச் செய்தோம். மூன்று முறையும் அதே பதில். ஐந்து மாதத்தில் இந்த வண்டி எங்களுக்குக் கொடுத்த முதல் நேரான பதில் அதுதான்.

காரணம் எளிமையானது. இன்ஜின் சக்கரங்களை ஒரு பக்கம் முறுக்கும்போது, அதே முறுக்கு எதிர்த்திசையில் இன்ஜினையே திருப்பப் பார்க்கும். அதைப் பிடித்துவைப்பது ரப்பர் மவுண்டிங். ரிவர்ஸில் திசை மாறும். நம் வண்டியில் இடது மவுண்டிங் ரப்பர் குறுக்கே கிழிந்திருந்தது. ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜினின் எடை மேலே உட்கார்ந்திருப்பதால், கிழிந்த இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு முழுசாகத் தெரிந்தது. அண்ணன் கீழே படுத்துப் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் அது நல்ல மவுண்டிங்.

இனி வயர். இன்ஜின் மேலே எழும்பும்போது எது இழுபடுகிறது? வயர்க்கட்டின் ஒரு முனை பாடியில் இருக்கிறது, மறுமுனை இன்ஜினில். நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டிருக்க வேண்டும். அசல் கிளிப் எப்போதோ உடைந்து, முன்பு யாரோ ஒருவர் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டியவர் சுத்தமானவர், தொங்கவிடப் பிடிக்கவில்லை. நாலாவது காயிலுக்குப் பிரிந்து போகும் இரண்டு வயரும் அந்த டையின் விளிம்பில் சரியாக மடங்கியிருந்தன.

மீட்டரை வைத்தேன். மறுபடியும் 12.4! அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்துவந்தார். இரண்டு வயர் சேர்த்து, ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறு முனையைக் கனெக்டரின் 12 வோல்ட் முனையில் வைத்தார். ஆரஞ்சு நிறத்தில் அழுது வடிந்தது. பக்கத்து சிலிண்டரின் கனெக்டரில் வைத்தால் வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி தப்பு. மீட்டர் வோல்டேஜ் பார்க்கும்போது கரண்ட் என்று ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. அதற்கு ஒரேயொரு நூலிழைச் செம்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், 12.4 காட்டிவிடும். காயிலுக்கு அப்படி இல்லை, சார்ஜ் ஆகும் அந்தச் சில மில்லிசெகண்டில் சில ஆம்பியர் வேண்டும். நூலிழை அவ்வளவைக் கொடுக்காது. தண்ணீர்க் குழாயை விரலால் அடைத்துப் பிடித்திருந்தாலும் அழுத்தம் பார்க்கும் மீட்டர் முழுசாகக் காட்டும், குடம்தான் நிறையாது. 55 வாட்ஸ் பல்பு நான்கரை ஆம்பியர் கேட்கும். அது குடம்.

கனெக்டரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, டை கடித்த இடத்தில், பிளேடால் உறையை நீளவாக்கில் கீறினேன். வெளியே உறையில் ஒரு கீறல்கூட இல்லை; லேசான ஒரு மடிப்புத் தடம், அவ்வளவுதான். உள்ளே செம்பு பச்சையாக இருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நல்ல நிறத்தில் இரண்டே இரண்டு இழைகள் மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயின. மற்றதெல்லாம் அறுந்து, முனைக்கு முனை பார்த்துக்கொண்டு நின்றன. கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் வயரை நாங்கள் டை பக்கமாகத் தள்ளியிருக்கிறோம். அறுந்த முனைகள் மறுபடி நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கிழிந்த மவுண்டிங் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அவற்றைப் பிரித்திருக்கிறது. பாரம் குறைவாக ஓட்டிய மாதத்தில் பிரிய நாளாகியிருக்கிறது, அதுதான் இன்ஜெக்டர் ‘வெற்றி’.

“பாரத்தில் வந்தால் இக்னிஷன்” என்ற முதல் நாள் வாக்கு தப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சார்ஜான காயில் ஐடிலிங்கில் சமாளித்தது, மேட்டில் கைவிட்டது. அண்ணன் சொன்னது அவ்வளவும் சரி. கூடவே இன்ஜின் எழும்பி அந்த அரைகுறையையும் பறித்தது என்பது மட்டும் அன்று யாருக்கும் தெரியாது. காயிலின் வயர் அறுந்தால் அதற்கென்றே பி0354 என்று தனிக் கோடு உண்டே, ஏன் வரவில்லை என்று பிறகு யோசித்தேன். முழுசாக அறுந்திருந்தால் வந்திருக்கலாம். இது அறுந்தும் அறாமலும் நின்றது.

கெட்ட துண்டை வெட்டியெறிந்து, அதே தடிமனில் புது வயர் சேர்த்தோம். நான் சால்டரிங் அயர்னைத் தேடினேன், அண்ணன் வேண்டாம் என்றார். ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும், அதிர்ந்துகொண்டே இருக்கும் இன்ஜினில் அந்த விறைப்பின் விளிம்பில்தான் அடுத்த முறை ஒடியும் என்பது அவர் கட்சி. ஸ்லீவ் போட்டு நசுக்கி க்ரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கி ஒட்டும் வகை ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடுகாட்டினார். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு, சண்டைக்கு நான் வரவில்லை. பழைய கேபிள் டையை வெட்டிவிட்டு, இன்ஜின் எழும்பினாலும் இழுபடாத அளவுக்கு ஒரு வளைவு விட்டு கிளிப் போட்டோம். இரண்டு மவுண்டிங்கும் மாற்றினோம். வயரை மட்டும் மாற்றிவிட்டு மவுண்டிங்கை விட்டிருந்தால் புது வயருக்கும் அதே கதிதான்.

கடைசியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. கருவிப்பெட்டியின் அடியிலிருந்து, முதல் நாள் ‘செத்துப்போச்சு’ என்று கழற்றிய பழைய காயிலை எடுத்துத் துடைத்து நாலாவதில் மாட்டினேன். புதுசைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பானெட்டை மூடினார். பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினேன், மறுவாரமும் ஏறினேன். பதினான்கு மாதமாக அந்தப் பழைய காயில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.